சிறுநீர் மாதிரிக்கும் வெப்பநிலைப் பதிவைக் கட்டாயமாக்குங்கள்

உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் விதிமுறைக் குழுவினருக்கு,

வணக்கம். தடகளப் பயிற்சியாளர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். அண்மையில் ஒரு போட்டி முடிந்த பின், ஒரே வீரரின் சிறுநீரை முதல் சோதனைக்கும் மறுசோதனைக்கும் எனப் பிரித்து முத்திரையிட்ட ‘ஏ’, ‘பி’ குப்பிகள் இருந்த பை, வெயிலில் நிறுத்தியிருந்த காரின் பின்னிருக்கையில் வெகுநேரம் கிடந்ததைப் பார்த்தேன். அங்கிருந்த அலுவலரிடம் கேட்டேன். “வெப்பநிலைக் கருவி ரத்த மாதிரிக்குத்தான் வைப்போம், சிறுநீருக்குக் கட்டாயமில்லை” என்றார். அவர் எந்த விதியையும் மீறவில்லை. அதனால்தான் என் முறையீட்டை அவரிடம் வைக்காமல், விதியை எழுதும் உங்களிடம் வைக்கிறேன்.

சிறுநீரில், தசையை வளர்க்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனுக்கும், அதை வெளியிலிருந்து ஏற்றினாலும் கூடாத எபிடெஸ்டோஸ்டிரோனுக்கும் உள்ள விகிதத்தின் மீது எத்தனை பெரிய முடிவுகள் நிற்கின்றன என்பதை நீங்கள் நன்கறிவீர்கள். சந்தேகத்துக்குரியதெனக் கொள்ளும் விகித வரம்பை முன்பிருந்த 6இலிருந்து 4 ஆகக் குறைத்ததும், 2014 முதல் வீரரின் ஸ்டீராய்டு அளவுகளை உயிரியல் கடவுச்சீட்டு என்ற நெடுநாள் பதிவேட்டில் தொடர்ந்து பதிவதும் நல்ல மாற்றங்களே. ஆனால் வெப்பத்தில் கிடக்கும் சிறுநீரில் பாக்டீரியா பெருகி, உடல் வெளியேற்றுவதற்காகக் குளுக்குரோனைடு என்ற சர்க்கரை வகைச் சேர்மமாகப் பிணைத்த ஸ்டீராய்டுகளைப் பிரித்துவிடும். வேறு ஸ்டீராய்டுகளிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் உருவாகவும் இடமுண்டு. இதற்காகவே 5-ஆல்ஃபா-ஆண்ட்ரோஸ்டேன்டையோன் போன்ற சிதைவு அடையாளங்களை ஆய்வகங்கள் பார்க்கின்றன. மாதிரி கெட்டிருப்பதை அவை காட்டும். எங்கே, எத்தனை மணி நேரம், எந்த வெப்பத்தில் கெட்டது என்பதைக் காட்டா.

பிரிட்டனின் 800 மீட்டர் ஓட்டக்காரர் டயான் மோடால் அனுபவித்ததை மறந்துவிட முடியுமா? 1994 ஜூனில் லிஸ்பனில் கொடுத்த மாதிரியில் விகிதம் 42 என்று வந்தது. காமன்வெல்த் போட்டிக்காகக் கனடாவின் விக்டோரியா நகருக்குச் சென்றிருந்தவர் ஓடாமலேயே வீடு திரும்ப நேர்ந்தது. ஆண்டின் இறுதியில் நான்காண்டுத் தடையும் விழுந்தது. மாதிரி குளிரூட்டப்படாமல் வெப்பத்தில் இருந்ததும், அந்நிலையில் பாக்டீரியா டெஸ்டோஸ்டிரோன் அளவை உயர்த்தக்கூடும் என்பதும் பின்னர் முன்வைக்கப்பட்டு, 1995இல் மேல்முறையீட்டில் விடுவிக்கப்பட்டார். அவர் தொடுத்த இழப்பீட்டு வழக்கோ தோற்றுப்போனது. குப்பியுடன் ஒரு சிறு பதிவுக் கருவி பயணித்திருந்தால் எத்தனை வாதங்கள் முதல் வாரத்திலேயே முடிந்திருக்கும்!

கார்பன் ஐசோடோப்புச் சோதனை இருக்கிறதே என்பீர்கள். தாவர ஸ்டீரால்களிலிருந்து தயாரிக்கும் டெஸ்டோஸ்டிரோனில், கார்பனின் சற்றுக் கனமான வகையான கார்பன்-13 குறைவு என்பதை வைத்துக் குற்றத்தை உறுதிசெய்யும் அந்தச் சோதனையை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் செலவும் நேரமும் மிகுந்த அதை எல்லா மாதிரிக்கும் செய்வதில்லை. மேலும், சிதைந்த மாதிரியின் அளவுகள் கடவுச்சீட்டுக்கு உதவாமல் போகும்போது உண்மையில் ஊசி போட்டவர் தப்பிவிடுகிறார். நேர்மையாக ஓடுகிறவருக்கு அதுவும் அநீதிதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் எங்கே இருப்போம் என்று, சோதனைப் பட்டியலில் உள்ள முன்னணி வீரர் முன்கூட்டியே எழுதித்தர வேண்டும். 12 மாதங்களில் மூன்று முறை தவறினால் தடை. தன் உடலில் எது கலந்தாலும், எப்படிக் கலந்தாலும் அவரே பொறுப்பு. இவ்வளவு கண்டிப்பை அவர் தாங்குகிறார். அவர் கையை விட்டுப் போன குப்பிக்கு மட்டும் ஏன் எவரும் மணிக்கணக்குச் சொல்ல வேண்டியதில்லை?

கோபத்தில் சற்று உரக்கப் பேசியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றே: ரத்த மாதிரிக்கு இருப்பதுபோல, முத்திரையிட்ட நிமிடம் முதல் ஆய்வகம் பெற்றுக்கொள்ளும் வரை சிறுநீர் மாதிரிக்கும் வெப்பநிலைப் பதிவைக் கட்டாயமாக்குங்கள். பாதகமான முடிவை அனுப்பும்போது அந்தப் பதிவையும், வீரர் கேட்காமலேயே, கட்டணமின்றி உடன் அனுப்புங்கள். அடுத்த விதித் திருத்தத்தில் இதைச் சேர்க்க இயலுமா, இயலாதெனில் தடையாக இருப்பது எது என்பதை எழுத்து வடிவில் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தடகளப் பயிற்சியாளர்