பெயர் சொல்லாமல் சென்ற தாதி அம்மையாருக்கு நன்றி

யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையின் விறாந்தையில் என் அம்மாவுக்கு அருகே அமர்ந்து, தம் பெயரைக்கூடச் சொல்லாமல் எங்கள் அச்சத்தைப் போக்கிய ஓய்வுபெற்ற தாதி அம்மையாருக்கு என் மனமார்ந்த நன்றி.

கிணற்றடியில் வாளியைத் தூக்கியபோது அம்மாவின் முள்ளந்தண்டில் ஓர் எலும்பு நசிந்துவிட்டது. எலும்பு நலிந்த முதியவர்களுக்கு விழாமலேயே இப்படி நேர்வதுண்டு. இதற்கு வைத்தியர்கள் சொன்ன ‘வேர்டெப்ரோபிளாஸ்டி’ என்னும் சிகிச்சையை, முதுகைப் பிளந்து செய்யும் சத்திரசிகிச்சை என்று எண்ணி அம்மா மறுத்துக்கொண்டிருந்தார். எக்ஸ்-கதிர்ப் படத்தைப் பார்த்தபடி தோலினூடாக ஊசியைச் செலுத்தி, நசிந்த எலும்புக்குள் விரைவில் இறுகிவிடும் எலும்புச் சீமெந்தை நிரப்புவதே இச்சிகிச்சை என்றும், 1984இல் பிரான்சில் தொடங்கிய இதில் சிலவேளைகளில் சிறு பலூனை விரித்து எலும்பை உயர்த்திய பின்னரே சீமெந்து இடப்படும் என்றும் அந்தத் தாதி அம்மையார் பொறுமையாக விளக்கினார். சீமெந்து கசியக்கூடும் என்பதையும், பலருக்கு ஓய்வும் மருந்துமே போதும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அந்த நேர்மைதான் அம்மாவைச் சம்மதிக்கவைத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

“எலும்பைப் பலப்படுத்துற மருந்தை இடையில விட்டிடாதேங்கோ, பிள்ளை” என்று நீங்கள் சொன்னபடியே அம்மா மருந்து எடுக்கிறார், தானே எழுந்து நடக்கிறார். எங்கள் குடும்பத்தின் நன்றியை ஏற்றுக்கொள்ளுங்கள், அம்மா.