நியமனக் கடிதம் வந்த பிறகு யார் துணை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகள் பட்டம் பெறும்போதும் பல்கலைக்கழகங்களில் வேலைக்குச் சேரும்போதும் அச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டு ஊக்கமூட்டி வரும் தங்கள் நாளிதழுக்கு என் நன்றி. ஆனால், நியமனக் கடிதம் கைக்கு வந்த நாள் தொடங்கி, பணி உறுதி செய்யப்படும் நாள் வரையிலான காலத்தைப் பற்றி நம்மிடையே பேச்சே எழுவதில்லை என்பது என் நெடுநாளைய மனக்குறை. பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பதிவாளர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் நிர்வாக உதவியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபாலில் வசிப்பவன் என்ற முறையில் இதனை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரம் கரும்புத் தோட்டங்களால் உருவாகி, பிறகு ரப்பருக்கு மாறி, இன்று செம்பனையால் சூழப்பட்டிருக்கும் ஊர். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகமும் இங்கேதான் இருக்கிறது. அப்படியிருந்தும், தோட்டத்திலிருந்து தாமான் எனும் குடியிருப்புப் பகுதி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த எங்கள் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பல்கலைக்கழகம் என்றால் பிள்ளைகள் படிக்கப் போகும் இடம் மட்டுமே. ஆயிரக்கணக்கானோருக்குச் சம்பளம் தரும் ஒரு பெரிய நிர்வாகம் அது என்பதும், அந்த நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பதும் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தோட்டத்தில் ஓர் ஆபீஸ்தான் இருந்தது. செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேட்டில் பெயர் ஏற்றுவது, சம்பளம் கொடுப்பது, விடுப்பு, வீடு, ஆஸ்பத்திரிக்கான துண்டுச்சீட்டு என எல்லாவற்றையும் தோட்ட எழுத்தரான கிராணியார் ஒருவரே கவனித்துக் கொண்டார். ‘பெரிய கிராணியாரிடம் மரியாதையாக நடந்துகொள், சொன்னதைச் செய், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்’ என்று பெரியவர்கள் இன்றும் சொல்லி அனுப்பும் அறிவுரை, அந்த உலகத்திற்கு முற்றிலும் பொருத்தமானது. பல்கலைக்கழகத்திலோ, எதையும் கேளாமல் காத்திருப்பவரைத் தேடிவந்து கவனிக்க யாரும் இல்லை.

1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் இயங்கும் நம் பொதுப் பல்கலைக்கழகங்களில், துணைவேந்தருக்குக் கீழே பதிவாளர், நிதி அதிகாரியான பெண்டஹாரி, தலைமை நூலகர் எனப் பொறுப்புகள் பிரிந்து கிடக்கின்றன. புதிதாகச் சேரும் ஒருவருக்கு நியமனம் தருவது பதிவாளர் அலுவலகம். சம்பளத்தைக் கணக்கிட்டு வங்கியில் சேர்ப்பது பெண்டஹாரி அலுவலகம். அன்றாட வேலையைக் கொடுத்து, விடுப்பை அங்கீகரித்து, ஆண்டு இறுதியில் மதிப்பெண் இடுவது அவர் அமர்ந்திருக்கும் புலத்தின் தலைமை. இந்த மூன்று இடங்களும் ஒரே வளாகத்தில் இருந்தாலும், ஒன்றில் கேட்க வேண்டியதை மற்றொன்றில் கேட்டால் பதில் கிடைக்காது. சம்பளம் வரவில்லையே என்று தம் புலத்து அதிகாரியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டு, அவர் உதட்டைப் பிதுக்கியதும் மேற்கொண்டு யாரையும் அணுகாமல் வீட்டில் கடன் வாங்கிச் சமாளித்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக் கணக்கு எண் பாரத்தில் தவறாக இருந்ததுதான் காரணம் என்பது, உரிய முகப்பில் விசாரித்த உடனே தெரியவந்தது.

எங்கள் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளர் பணி கிடைத்த ஒரு பெண்ணின் தந்தையார், மின்னஞ்சலில் வந்த நியமனக் கடிதத்தைப் போட்டோஸ்டாட் கடையில் அச்செடுத்து, குங்குமம் இட்டு, சாமி படத்தின் முன் வைத்துவிட்டார். நல்ல நாள் பார்த்துப் பதில் அனுப்பலாம் என்பது அவர் எண்ணம். கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், குறிப்பிட்ட தேதிக்குள் ஏற்புப் பாரத்தை அனுப்பாவிட்டால் வாய்ப்பு ரத்தாகும் என்று மலாயில் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் மலாய் படிக்கத் தெரியும். முதல் பக்கத்து மகிழ்ச்சியில் இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் மருத்துவப் பரிசோதனைப் பாரத்தைப் பற்றிக் கேட்க என்னிடம் வந்தபோது, மூலையில் குங்குமம் ஒட்டியிருந்த அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்தேன். மறுநாளே கடைசித் தேதி. பாரம் அன்றிரவே போய்ச் சேர்ந்தது. தந்தையாரின் பக்தியில் நான் குறை காண மாட்டேன். அவருக்கு அருகில், கடிதத்தை முழுவதும் படித்துச் சொல்ல அனுபவமுள்ள ஒருவர் இல்லாமற்போனதே குறை.

பணியில் சேரும் நாளுக்கு முன் திரட்ட வேண்டிய பத்திரங்களில் பெரும்பாலானவற்றை நம் ஊரிலேயே முடித்துக் கொள்ளலாம். சான்றிதழ் நகல்களுக்கு அத்தாட்சிக் கையொப்பம் பெறத் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரை அணுகுவது வழக்கம்; சத்தியப் பிரமாணம் கேட்டால் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போக வேண்டும். மருத்துவப் பாரத்தில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் ஒரு பக்கத்தில் விடுபட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், கிளினிக்கை விட்டு வெளியேறுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் சரிபார்ப்பது நல்லது. இவை அலைச்சல் தருபவையே தவிர, ஆபத்தானவை அல்ல.

ஆபத்து, படிக்காமல் கையொப்பமிடும் தாள்களில் இருக்கிறது. ‘அக்கு ஜாஞ்சி’ உறுதிமொழிக் கடிதத்தில் கையொப்பம் இட்டுப் பணியில் சேர்ந்த நாளிலிருந்து, பல்கலைக்கழகம் போன்ற சட்டபூர்வ அமைப்புகளின் ஊழியர்களுக்கான 2000ஆம் ஆண்டு ஒழுங்கு நடவடிக்கைச் சட்டம், அதாவது 605ஆம் சட்டம், அந்தப் பிள்ளையைக் கட்டுப்படுத்துகிறது. அதன்படி, அனுமதி இல்லாமல் வெளிவேலை செய்யக்கூடாது. சொத்து விவரத்தை அறிவிக்க வேண்டும். அளவுக்கு மீறிய கடனில் சிக்குவதும் குற்றமாகக் கருதப்படும். தோட்டப்புறக் குடும்பங்களில் ஒரே வருமானத்தை நம்பி வாழ்ந்தவர்கள் குறைவு. வார இறுதியில் டியூஷன் சொல்லிக் கொடுப்பது, அண்ணனின் கேட்டரிங்கில் கைகொடுப்பது, மாலையில் உணவு விநியோகத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுவது என்று வளர்ந்த பிள்ளை, பல்கலைக்கழக வேலை கிடைத்த பிறகும் அதைத் தொடர்வது இயல்பு. எழுத்துபூர்வமாக விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்க வழியுண்டு. விண்ணப்பிக்காமல் செய்து, யாரோ புகார் எழுதி, விளக்கக் கடிதம் கேட்டு வரும்போதுதான் பிள்ளைகள் கலங்கிப் போகிறார்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது தகுதிகாண் காலத்தைப் பற்றிய அறியாமைதான். நிரந்தரப் பணிக்கு எடுக்கப்பட்டவரும் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை தகுதிகாண் காலத்தில்தான் இருக்கிறார். அந்தக் காலத்துக்குள் தொடக்கப் பயிற்சியில் கலந்து தேர்ச்சி பெற வேண்டும். அவருடைய பணிக்குத் தேர்வு விதிக்கப்பட்டிருந்தால் அதிலும் தேற வேண்டும். துறைத் தலைவரின் பரிந்துரையும் வேண்டும். இவை கூடிவந்தால்தான் பணி உறுதியாகும். எனக்குத் தெரிந்த ஒரு பல்கலைக்கழகத்தில் நூலகப் பிரிவில் சேர்ந்த இளைஞர் ஒருவர், காலை முதல் மாலை வரை தலை நிமிராமல் உழைத்தார். பயிற்சிக்கான அழைப்பு உள்வலைத்தளத்தில் வந்திருக்கிறது, அவருக்கோ அதனைத் திறக்கும் கடவுச்சொல்லையே எவரும் தரவில்லை, அவரும் கேட்கவில்லை. அவருடன் சேர்ந்தவர்கள் உறுதியானபோது அவருடைய தகுதிகாண் காலம் நீட்டிக்கப்பட்டது. உழைப்பில் குறை இல்லாத ஒருவருக்கு இப்படி நேர்ந்ததில் நிர்வாகத்தின் பங்கும் உண்டு என்பதை நான் அழுத்தமாகச் சொல்வேன். புதிதாகச் சேருபவரைச் சேர்ந்த நாளன்றே ஒரு மூத்த ஊழியரின் பொறுப்பில் ஒப்படைப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய செலவு அன்று.

பணத்தைப் பற்றியும் ஒன்றிரண்டு வார்த்தைகள். மாத நடுவில் சேருபவருக்கு முதல் சம்பளம் அடுத்த மாதம்தான் வரக்கூடும். அறை வாடகைக்கு முன்பணம் வேறு கட்ட வேண்டியிருக்கும். குடும்பம் இதற்கென ஒரு தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது நலம். ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடிக்கப்படும் என்பதையும், அதற்கு வாரிசு நியமனம் செய்ய வேண்டும் என்பதையும் முதல் மாதத்திலேயே சொல்லித்தர வேண்டும். சம்பளப் பிடித்தம் வழியாகத் தனிநபர் கடன் தர முன்வரும் முகவர்கள், புதிய ஊழியரின் மேசையைத் தேடி வருவதில் மட்டும் தாமதிப்பதே இல்லை. தங்கையின் திருமணத்துக்கென்று முதல் ஆண்டிலேயே கையொப்பமிட்டு, பத்தாண்டு பாதிச் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் என் அலுவலகத்திலேயே இருந்தார்கள்.

பினாங்கிலிருந்து கெடாவுக்கோ கிழக்குக் கரைக்கோ வேலைக்குப் போகிறவர்களின் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வார விடுமுறை வெள்ளி, சனி. கெடாவின் சிந்தோக்கில் உள்ள வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். நம் வீட்டுத் திருமணங்களும் கோயில் திருவிழாக்களும் ஞாயிறன்று நடக்கின்றன. தகுதிகாண் காலத்தில் இருக்கும் பிள்ளையை, ‘ஒருநாள்தானே, சொல்லாமல் வந்துவிடு’ என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். நாள் குறிக்கும்போதே தெரிவித்தால், அவர் முறைப்படி விடுப்பு எடுத்துக்கொண்டு வருவார்.

நான் கேட்பது இதுதான். நாட்டின் பொதுப் பல்கலைக்கழகங்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழர்கள், நிர்வாக உதவியாளர், ஆய்வுக்கூட உதவியாளர், ஓட்டுநர், விரிவுரையாளர் என எந்த நிலையில் இருந்தவராயினும், தத்தம் ஊரில் புதிதாக நியமனம் பெறும் பிள்ளைகளுக்காக ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க வேண்டும். கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ போதும். பெற்றோரையும் உடன் அமர்த்தி, கடிதத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்துக் காட்டி, எதை எந்த அலுவலகத்தில் கேட்பது என்று எழுதிக் கொடுத்து, பணி உறுதியாகும் வரை தொலைபேசியில் கிடைக்கும் ஒருவராக இருக்க வேண்டும். பணியில் இருக்கும் நம்மவர்களும், தம் வளாகத்தில் புதிய தமிழ் முகத்தைக் கண்டால் சிரித்துவிட்டுக் கடந்து போகாமல், ‘உள்வலைத்தளம் திறந்தாயிற்றா, பயிற்சிக்குப் பெயர் போட்டாயிற்றா’ என்று நின்று விசாரிக்க வேண்டும்.

நிபோங் திபாலில் இப்பணியை நானும் என்னுடன் ஓய்வுபெற்ற நண்பர்கள் சிலரும் ஏற்கத் தயாராக இருக்கிறோம். பிற ஊர்களில் முன்வருவோரின் விவரங்களைத் தங்கள் நாளிதழ் திரட்டி, பல்கலைக்கழக நியமனச் செய்திகள் வெளியாகும் அதே பக்கத்தில் அவ்வப்போது வெளியிட்டு உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக ஊழியர்,
நிபோங் திபால், பினாங்கு.