மரத்துக்குள் யார் பார்த்தது?

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. "நம் கூட்டத்தில் நீதான் விஷயம் தெரிந்தவன்" என்று எழுதியிருக்கிறாய். சுங்கை சிப்புட்டில் இப்போது யாரிடமும் இதைச் சொல்லிவிடாதே, சிரிப்பார்கள்.

1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றதிலிருந்து காலையில் எனக்குக் கைப்பேசிதான் பேப்பர். போன மாதம் ஒரு செய்தி வந்தது: இன்றிரவு 12.30 முதல் 3.30 வரை காஸ்மிக் கதிர்கள் பூமிக்கு அருகே வருகின்றன, கைப்பேசியை அணைத்து வையுங்கள். நாசா, பிபிசி என்றெல்லாம் போட்டிருந்ததா, கோயில் வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிட்டேன். பல வருடமாகச் சுற்றும் புரளி அது என்று என் மகளே எல்லார் முன்னாலும் பதில் போட்டாள்.

அப்புறம், கடைசி லயத்துப் பாட்டியை நினைவிருக்கிறதா? முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். இப்போது தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். நான் படித்த ஒன்றை அவரிடம் பெருமையாக எடுத்துவிட்டேன். வெட்டுக்கோடு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் இறங்கும் அல்லவா? பட்டைக்குள் பால் குழாய்கள் நேராகப் போவதில்லை, சில பாகை வலப்பக்கம் சாய்ந்தே மேலே ஏறுகின்றன. அப்படிச் சீவினால்தான் அதிகக் குழாய் அறுபட்டுப் பால் கூடும்.

பாட்டி வெற்றிலையை மடித்தபடி, "அப்படியா? கைக்கு வசதின்னுல்ல நெனச்சோம். சரி, மரத்துக்குள்ள யாருப்பா பார்த்தது?" என்றார்.

எனக்கு வாயடைத்துவிட்டது. கதிர் செய்திக்கு இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா? அன்றிரவே தேடினேன். பட்டையை மெல்லிசாகச் சீவி உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மலாயாவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-லேயே வந்துவிட்டது. ஆனால் பாட்டிக்கு வேலையை மேற்பார்த்த தண்டல் சொன்னதெல்லாம், மரத்தில் காயம் பட்டால் பேர் விழாது, அன்றைய கூலி போச்சு என்பதுதான்.

மறுநாள் போய்ச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்ததைக் கேட்டார்: வெயில் ஏறினால் பால் ஏன் குறைகிறது? இது எனக்குத் தெரியும். வெயிலில் இலை வழியே நீர் போய்விடும், குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும் என்றேன்.

"அழுத்தத்த எத வச்சு அளந்தாங்க?"

பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். உன் பேத்தி தாவரவியல்தானே படிக்கிறாள்? அவளிடம் கேட்டு எழுது. வெள்ளிக்கிழமை பாட்டி கோயிலுக்கு வருவார்.

உன் பழைய வகுப்புத் தோழன்