சித்திரையில் வரும் மகளுக்கு

கல்லடி, மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

பிள்ளைகளோடு சித்திரையில் வருவதாக எழுதியிருந்தாய். நல்ல காலம் மனே. ஆனால் ஐந்து நாளில் இத்தனை இடம் என்று நீ அனுப்பிய பட்டியலைக் கிழித்துப் போடு. முதலில் ஒரு கூத்து இரவைப் பிடி, மிச்சத்தை அதற்கேற்ப அடுக்கலாம்.

பெரும்போக வெட்டு முடிந்து பங்குனி தொடங்கி வைகாசி வரை ஊர்களில் கூத்தாடக் களரி, அதுதான் ஆடுமிடம், போடுவார்கள். அரங்கேற்றம் விடியும்வரை போகும். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று ஒரு மணித்தியாலம் பார்த்துவிட்டு எழும்பி வந்தால், பாத்திரங்கள் ஆடி நுழைகிற வரவாட்டம் மட்டும்தான் கண்ணில் பட்டிருக்கும். வடமோடி, தென்மோடி என்று கூத்தில் இரண்டு வகை. வடமோடியில் போர் விடியற்புறம்தான் வரும். அதனால் மத்தியானம் பிள்ளைகளை நன்றாகத் தூங்கவை. பாயும் போர்வையும் கொண்டு போ, பனி விழும். நித்திரை வந்தால் பாயிலேயே கிடக்கட்டும், மத்தளம் எழுப்பிவிடும்.

களரி வட்டம், சனம் நாலு பக்கமும் இருக்கும். ஆடுபவர்கள் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் முகம் காட்டுவார்கள், எந்தப் பக்கம் இருந்தாலும் நட்டமில்லை. கூத்தர் வந்து போகிற வழியில் மட்டும் பாய் விரிக்காதே. கதிரையில் பின்னால் இருப்பதைவிட மண்ணில் முன்னால் இருப்பது நல்லது, காலடி தெரியும். கமெராவில் பிளாஷ் அடிக்கவே கூடாது. மத்தளத்தோடு நிற்கும் அண்ணாவியாரை, கூத்துப் பழக்கியவரை, பிள்ளைகளுக்குக் காட்டு. ஆட்டமும் பாட்டும் அவர் கையில்தான். அரசர் குடைபோல விரிந்த கரப்புடுப்பும் பெரிய முடியும் போட்டு வந்தால் வடமோடி, பெரும்பாலும் பாரதக் கதை. உடுப்பு பாரமில்லாமல், பாட்டு இழுத்து இனிமையாக வந்தால் தென்மோடி.

அரங்கேற்றத்துக்கு முன்னம் கிழமைக்கூத்து ஒன்று அகப்பட்டால் விடாதே. ஆடுபவர்களுக்கு அவரவர் பாட்டை எழுதிய சட்டம் கொடுத்து, காலில் சதங்கை அணிந்த பிறகு கிழமைக்கு ஒருநாள் ஆடிப் பழகுவார்கள். வேஷம் இல்லாததால் தாளத்துக்குக் கால் எப்படி விழுகிறது என்று தெளிவாகத் தெரியும். எனக்கு அரங்கேற்றத்தை விட இதுதான் பிடிக்கும்.

மட்டக்களப்புக் கோட்டை நகருக்குள், புளியந்தீவில். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். உள்ளே நுழையமுன் காந்திப் பூங்காப் பக்கம் நின்று வாவிக்கு அப்பால் பார்க்கச் சொல். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள் என்று தூரத்தில் நின்றால்தான் விளங்கும். காலை எட்டு மணிக்கு முன், இல்லாவிட்டால் நாலரைக்குப் பிறகு. நடுப்பகலில் கல் கொதிக்கும். மதிலில் ஏற விடாதே, விளிம்பில் பிடிமானம் இல்லை.

வாவித் தண்ணீருக்குள் கேட்கும் சத்தத்தைத்தான் மீன்பாடும் ஓசை என்பார்கள், அதற்கு நிலவு இரவு வேண்டும். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் அலகைத் தண்ணீரில் வைத்துப் பிடியைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேண்டும், மற்றக் காதைப் பொத்திக்கொண்டு. கேட்கவில்லை என்று திரும்புகிறவர்கள் கனபேர். ஒன்று, இயந்திரத் தோணியில் போயிருப்பார்கள். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் கதைத்துக்கொண்டிருப்பார். இயந்திரத்தின் அதிர்வும் துடுப்பு வழியே காதுக்குள் வந்துவிடும். காற்று அடங்கிய பிறகு போ, அசையாமல் பத்து நிமிடமாவது இரு. தமிழறிஞர் விபுலானந்த அடிகள், பழந்தமிழ் இசையை ஆராய்ந்த தன் யாழ்நூலில் நீரர மகளிர், அதாவது நீரில் வாழும் தேவமகளிர், என்று பாடியது இந்த ஓசையைத்தான். நூல் வெளிவந்த 1947இலேயே அவரும் காலமானார். சமாதி கல்லடி உப்போடையில், பள்ளிக்கூட வளவுக்குள் இருக்கிறது. வகுப்பு நடக்கும் நேரம் போனால் முதலில் அலுவலகத்தில் சொல்லு.

அம்பாறைப் பக்கம் ஒருநாள் போதும். லாகுகலை மகுல் மகா விகாரையின் வாசற்படியடியில் உள்ள அரைவட்டமான சந்திரவட்டக் கல்லில் யானைகளின்மேல் பாகர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் எண்ணிப் பார்க்கட்டும். விடியவே புறப்படு. அது காட்டு யானை நடமாடும் பாதை, பொழுதுபட்டு மைமலாகமுன் பொத்துவில் திரும்பிவிட வேண்டும். போகிற வழியில் காரைதீவில் ஒரு தேத்தண்ணி குடியுங்கள், அடிகள் பிறந்த ஊர்.

டிக்கெட் போடமுன் கலண்டரில் சித்திரைப் பறுவம், அதுதான் முழுநிலவு, எப்போது என்று பார். பறுவத்துக்கு இரண்டு நாள் முன்னம் வந்து இறங்கினால் மீன் ஓசைக்கு மூன்று இரவு கையில் இருக்கும். திகதியை உடனே எழுது. எந்த ஊரில் களரி என்று இங்கே விசாரித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா