உச்சிப்புளியில் கடற்படைக் குடும்பங்களுக்கு மாதாந்திர முகாம் வேண்டி மனு

அனுப்புநர்:
கடற்படை வீரர் ஒருவரின் மனைவி,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ராமநாதபுரம்.

பொருள்: கடற்படைக் குடும்பங்களுக்கு உச்சிப்புளியில் மாதம் ஒரு நாள் முகாம் நடத்தவும், தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் கணவர் மூன்று வருடம் உச்சிப்புளி ஐஎன்எஸ் பருந்து கடற்படை விமானத் தளத்தில் பணியில் இருந்தார். இப்போது மாற்றலாகி, விசாகப்பட்டினத்தில் ஒரு கப்பலில் இருக்கிறார். மூத்த மகள் ஒன்பதாம் வகுப்பு. நடுவில் பள்ளியை மாற்ற மனமில்லாமல் நானும் பிள்ளைகளும் இங்கேயே வாடகை வீட்டில் தங்கிவிட்டோம்.

சென்ற வருடம் ரேஷன் அட்டையில் சின்னவன் பெயரைச் சேர்க்கப் போனேன். கம்ப்யூட்டரில் இருந்த பெண் எல்லாவற்றையும் தட்டி முடித்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்கக்கா" என்றார். அட்டையில் பதிந்திருப்பது என் கணவர் எண். அவரோ நடுக்கடலில். கப்பல் கரையை விட்டுவிட்டால் செல்போன் வெறும் டப்பாதான். சரி, என் எண்ணை மாற்றித் தாருங்கள் என்றேன். அதற்கும் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகுமாம். அப்படியானால் அவரையே வரச் சொல்லுங்கள் என்றார்கள். எப்போது வருவார் என்று எனக்கே தெரியாது. தெரிந்தாலும், கப்பல் எங்கே போகிறது, எப்போது திரும்புகிறது என்பதையெல்லாம் நாலு பேர் நிற்கும் கவுண்டரில் சொல்லக் கூடாது.

மூன்று முறை அலைந்தேன். ஒரு முறை அமாவாசை. ராமேஸ்வரத்திலிருந்து வந்த பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை, பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை நின்றேன். நாலு மாதம் கழித்து அவர் லீவில் வந்ததும் பத்தே நிமிடத்தில் வேலை முடிந்தது. ஆனால் இப்படிப்பட்ட வேலைகளுக்கே அந்த இருபது நாள் லீவில் நாலு நாள் போய்விட்டது.

எனக்குச் சொந்த ஊர் கமுதிப் பக்கம். பாஷை தெரியும், கேட்டுச் சமாளித்துவிடுவேன். தளத்துக்கு 2009-ல் 'பருந்து' என்று நல்ல தமிழ்ப் பெயர்தான் வைத்தார்கள். இங்கே மாற்றலாகி வரும் வீரர்களின் மனைவிமார் பலருக்கோ தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் தெருவில் பீகார்ப் பெண் ஒருவர். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரில் ஓர் எழுத்து தப்பு. அதைத் திருத்த யாரிடம் போவது என்று தெரியாமல் கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். இப்போது சாயங்காலமானால் யாராவது ஒரு படிவத்தோடு வருகிறார்கள். எழுதிக் கொடுப்பதில் சலிப்பில்லை. நாளை நானும் கிளம்பிவிட்டால் யார் எழுதுவார்கள் என்பதுதான் கேள்வி.

தளத்துக்குள் எங்களைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. அதில் குறை சொல்ல மாட்டேன். கேட்டைத் தாண்டினால் எல்லாக் காகிதமும் மாநில அரசுடையது. தளத்து அதிகாரி தாசில்தாருக்கு உத்தரவு போட முடியாது. தங்களால் முடியும். மாவட்ட முப்படைவீரர் வாரியத்துக்குத் தலைவரும் தாங்களே. அந்த வாரியத்தின் வேலைகளைப் பார்க்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பணியில் இருப்பவர்களின் குடும்பங்களையும் கவனிக்கத்தான் இருக்கிறது என்பது எனக்கே போன மாதம்தான் தெரியும். போர்டில் 'முன்னாள்' என்று இருக்கிறதே, நமக்கு என்ன வேலை என்று எங்களில் பலர் அந்தப் படியை மிதித்ததே இல்லை.

ஆகவே, மாதம் ஒரு நாள் அந்த அலுவலகத்தார், வருவாய்த் துறை, வழங்கல் துறை, இ-சேவை, ஆதார் ஊழியர்கள் எல்லோரும் உச்சிப்புளியில் ஒரே இடத்தில் உட்கார ஆணையிட வேண்டுகிறேன். தளத்து அதிகாரிகளும் நாங்களும் நேரே கூப்பிட்டுப் பேச ஓர் அலுவலரை நியமித்து, அவர் எண்ணைத் தளத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அப்புறம் முக்கியமான ஒன்று: கணவர் கப்பலில் இருக்கிறார் என்று கடற்படை அதிகாரி கடிதம் கொடுத்தால், ரேஷன் அட்டையில் மனைவியின் செல் எண்ணை ஏற்க வழிசெய்ய வேண்டும். ஆதார் மத்திய அரசின் கையில் என்று தெரியும். ரேஷன் அட்டை நம் மாநிலத்துடையதுதானே.

முகாமில் இந்தியில் பேசவும் படிவம் நிரப்பவும் நானும் என் தோழிகள் இருவரும் வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: கணவரின் பணிச் சான்று நகல், ரேஷன் அட்டை நகல்.