எந்த லிப்பிட், எந்தப் பக்கம்னு சொல்லி எழுதுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல செல் மெம்ப்ரேன் (செல்லச் சுத்தி இருக்கற சவ்வு) பத்தி வந்த கட்டுரையப் படிச்சேன், தமிழ்ல இந்த மாதிரி விஷயம் வர்றதே அபூர்வம், அதுக்கு நன்றி. ஆனா படிச்சு முடிச்சும் ஒண்ணும் பிடிபடல, விஷயம் கஷ்டம்னு இல்ல. லிப்பிட் (அந்தச் சவ்வுல ரெண்டு அடுக்கா இருக்கற கொழுப்பு மூலக்கூறு) இதைச் செய்யுது, அதைச் செய்யுதுன்னே கடைசி வரைக்கும் போகுது. எந்த லிப்பிட், மெம்ப்ரேன்ல எந்தப் பக்கம், எப்படித் தெரிஞ்சுது, எதுவும் இல்ல.

பாஸ்பாடிடில் செரின்னு ஒரு லிப்பிட், நல்லா இருக்கற செல்லுல பெரும்பாலும் உள்பக்க அடுக்குலதான் இருக்கும். செல் சாகப்போறப்ப அது வெளிப்பக்கம் வந்துடும், மேக்ரோபேஜ்னு ஒரு நோய் எதிர்ப்பு செல் அதைப் பாத்துதான் வந்து முழுங்குது. அதே லிப்பிட் பிளேட்லெட்ல (ரத்தத் தட்டணு) வெளிய வந்தா ரத்தம் உறையறதுக்கு உதவுது. பக்கத்தச் சொல்லலேன்னா இதுல என்ன புரியும்?

அப்புறம் 1925ல மெம்ப்ரேன் ரெண்டு அடுக்குன்னு நிரூபிச்சாங்கன்னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. சுவாரஸ்யமே அங்கதானே சார் இருக்கு! நெதர்லாந்துல லைடன்ல கோர்ட்டர், கிரெண்டல்னு ரெண்டு பேர், சிவப்பணுல இருக்கற லிப்பிட்ட அசிட்டோன் ஊத்திப் பிரிச்செடுத்து, தண்ணி மேல ஒரே மூலக்கூறு கனத்துக்குப் பரப்பி அளந்தா, செல்லோட மேற்பரப்பு மாதிரி ரெண்டு மடங்கு வந்துச்சு. அசிட்டோன்ல லிப்பிட் முழுசா வரல, செல்லோட பரப்பையும் கம்மியா கணக்குப் போட்டுட்டாங்க, ரெண்டு தப்பும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டு விடை மட்டும் சரியா வந்துடுச்சு. செஞ்சதையெல்லாம் விவரமா எழுதி வச்சதாலதான் பின்னாடி வந்தவங்க இதைப் பிடிக்க முடிஞ்சுது.

லிப்பிட் ராஃப்ட், அதாவது சில லிப்பிட்டுங்க மெம்ப்ரேன்ல திட்டுத்திட்டா சேந்திருக்கும்ங்கற கருத்து, அதையும் கண்ணால பாத்த மாதிரி எழுதியிருக்கீங்க. 1997ல சைமன்ஸும் இக்கோனனும் அந்தக் கருத்த முன்வச்சப்ப கையில இருந்த ஆதாரத்துல பெரும்பகுதி, செல்ல குளிர்ல டிரைட்டான் எக்ஸ்-100ன்னு ஒரு டிடர்ஜென்ட் போட்டுக் கரைச்சதுல கரையாம மிஞ்சினது. அது உயிரோட இருக்கற செல்லுலயும் அப்படியே திட்டுத்திட்டா இருந்துச்சான்னு அதுல தெரியாது. 2006ல விஞ்ஞானிங்க கூடி ஒத்துக்கிட்ட வரையறைல அளவே 10 முதல் 200 நானோமீட்டர், சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு அது சிக்காது. டிடர்ஜென்ட்ல கரையாத பகுதின்னு எழுதியிருந்தா போதும்.

உங்கள மட்டும் சொல்லல, ஆய்வுக் கட்டுரை எழுதறவங்களும் இதையேதான் பண்றாங்க. மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல வெறும் மூலக்கூறு எடைய மட்டும் அளந்தா, பிசி (பாஸ்பாடிடில் கோலின்னு ஒரு லிப்பிட்) 34:1னு மட்டும் காட்டும், அதாவது ரெண்டு கொழுப்புச் சங்கிலியும் சேர்ந்து 34 கார்பன், ஒரு இரட்டைப் பிணைப்பு, அவ்ளோதான். 16:0வும் 18:1ம் சேர்ந்தும் அது வரலாம், 16:1ம் 18:0வும் சேர்ந்தும் வரலாம். ஆனா கட்டுரைல பிசி 16:0/18:1னு சாய்கோடு போட்டுத் தைரியமா எழுதிடறாங்க, சங்கிலி எதெதுன்னு தெரிஞ்சு, அந்தச் சங்கிலிங்க ஒட்டியிருக்கற கிளிசரால்ல எது எந்த இடம்னும் தெரிஞ்சாதான் அந்தக் கோடு போடணும், இடம் தெரியலேன்னா அடிக்கோடு. இதுக்குன்னே விதி இருக்கு, யாரு பாக்கறா.

அடுத்த வாரம் கொலஸ்ட்ரால் பத்தி ரெண்டாம் பாகம்னு போட்டிருக்கீங்க. கொலஸ்ட்ரால் மெம்ப்ரேன இறுக்கும்னு மட்டும் எழுதி விட்டுடாதீங்க, உடம்பு சூட்டுல இளகி இருக்கற லிப்பிட்ட அது நெருக்கி வைக்கும், அதே கொலஸ்ட்ரால் குளிர்ல லிப்பிட் கெட்டியா அடுக்கிக்கறதத் தடுக்கும். எந்த வெப்பநிலை, கூட எந்த லிப்பிட்னு சேத்துப் போடுங்க, இடம் பத்தலேன்னா அந்தப் பெரிய கலர் படத்தக் கொஞ்சம் சின்னதாக்கிக்கலாம்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்