வசந்தி, அந்தத் தலைப்பை மாற்று

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாமல் இருந்தது தப்புதான், நேரில் பார்க்கும்போது திட்டித் தீர்த்துக்கொள். இங்கே எல்லோரும் சௌக்கியம். கோமதி டீச்சருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், பானு சொன்னாள். அந்த மாடிப்படி விஷயத்தை டீச்சர் இன்னும் மறக்கவில்லையாம்!

நேற்று உன் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். அமெரிக்காவில் குதிரைவண்டியோடு எளிமையாக வாழும் கிறிஸ்தவக் கூட்டமான ஆமிஷ் மக்களைப் பற்றிய 'பிரேக்கிங் ஆமிஷ்' டிவி நிகழ்ச்சி முழுவதையும் பார்த்து முடித்து, வாசகர் வட்டத்தில் "ஆமிஷ் மக்களின் ரகசிய வாழ்க்கை" என்று பேசப்போகிறாய். தலைப்பைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. தாராளமாகப் பேசு வசந்தி, ஆனால் அந்த நிகழ்ச்சியை நம்பிப் பேசாதே.

முதலில், அதில் வருகிறவர்கள் யார் என்று பார். வளர்ந்தபின் தானே விரும்பி ஞானஸ்நானம் பெற்ற ஆமிஷ்காரர் பெரும்பாலும் கேமரா முன்னால் உட்கார்ந்து முகம் காட்டிப் பேசமாட்டார். சொரூபம் செய்யாதே என்ற பைபிள் கட்டளை ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் 'ஹோக்முட்', அதாவது தன்னை உயர்த்திக் காட்டும் அகந்தை. அவர்கள் கண்ணில் அதைவிட மோசமான குணம் கிடையாது. ஆகவே கேமராவுக்கு ஒப்புக்கொண்டவர் பெரும்பாலும் ஒன்று இன்னும் ஞானஸ்நானம் வாங்காதவர், இல்லையென்றால் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டவர். உள்ளே நிம்மதியாக வாழ்கிறவர் அந்த வலையில் விழுவது அபூர்வம். டிஎல்சி சேனல் 2012-ல் நியூயார்க்குக்குக் கூட்டிப்போன ஐந்து பேரில் ஒருவர் ஆமிஷே இல்லை, மெனனைட் என்ற பங்காளிச் சபைக்காரர். மற்றவர்களிலும் சிலர் வெகு முன்பே வெளியேறியவர்கள், கல்யாணமாகிக் குழந்தை இருந்தவர்கள் என்று அப்போதே செய்தி வந்தது. முதன்முதலாக வீட்டுவாசல் தாண்டும் பிள்ளைகள் என்றுதானே உனக்குக் காட்டினார்கள்?

நீ அழுதாயே, அந்த ஒதுக்கிவைத்தல், அதையும் சொல்கிறேன். 'மைடுங்' என்கிற விலக்கு, ஞானஸ்நானத்தின்போது கொடுத்த வாக்கை மீறியவருக்குத்தான். வாக்கே கொடுக்காத பிள்ளையைச் சபை விலக்க முடியாது. பெற்றவர்கள் அழுவார்கள், கெஞ்சுவார்கள், சில வீடுகளில் கதவைச் சாத்தவும் சாத்துவார்கள். அந்த வலி பொய்யில்லை. ஆனால் சட்டம் வேறு, துக்கம் வேறு. இரண்டையும் குழப்பினால்தான் நிகழ்ச்சிக்குச் சூடு கிடைக்கும்.

ரும்ஷ்பிரிங்கா, அதாவது சபையில் சேருமுன் இளசுகள் ஓடியாடும் காலம், அதுவும் அப்படித்தான். பதினாறு வயதானால் ஊரைச் சுற்ற அனுப்பிவிடுவார்கள் என்பதுபோல் காட்டுகிறார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகள் அம்மா அப்பா வீட்டில்தான் இருப்பார்கள், பகலில் வேலைக்குப் போவார்கள். ஞாயிறு சாயங்காலம் நீள மேஜையின் இரண்டு பக்கமும் பையன்களும் பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து பாட்டுப் பாடுவார்கள். முடிந்ததும் பிடித்த பெண்ணைக் குதிரைவண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடுவான் பையன். குடியும் காரும் வைத்துக்கொண்டு ஆடும் கூட்டமும் உண்டு. ஆனால் கடைசியில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு மேல் சபையில் சேர்ந்துவிடுகிறார்கள்.

டிஸ்கவரியில் வந்த 'ஆமிஷ் மாஃபியா'வையும் பார்க்கச் சொல்லி யாரோ சொன்னார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டாம். பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் ஆமிஷ் மக்களைக் காவல் காக்கத் துப்பாக்கியோடு ஒரு கும்பல் இருப்பதாகக் கதை. நேரில் பார்த்தவர்கள் சொன்னதையும் வழங்கிவரும் கதைகளையும் வைத்து நடித்துக் காட்டுகிறோம் என்று அவர்களே திரையில் எழுத்துப் போட்டுவிடுகிறார்கள். 2014-ல் பென்சில்வேனியா ஆளுநர் டாம் கார்பெட் உட்பட அந்த மாநில அரசியல்வாதிகள் பலர் அதை நிறுத்தச் சொன்னார்கள். உண்மையிலேயே அடிதடி நடந்தபோது என்ன ஆயிற்று தெரியுமா? 2011-ல் ஒஹாயோவில் பெர்கோல்ஸ் என்ற இடத்தில் பிரிந்துபோன ஒரு கூட்டத்தார் மற்ற ஆமிஷ்காரர்களின் தாடியையும் தலைமுடியையும் வலுக்கட்டாயமாக வெட்டினார்கள். வழக்கைக் கையாண்டது போலீஸும் மத்திய நீதிமன்றமும்தான். 2012-ல் 16 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதில் வெறுப்புக் குற்றம் என்ற பகுதியை 2014-ல் மேல்முறையீட்டில் ரத்து செய்தார்கள். எந்தக் கும்பலும் துப்பாக்கியோடு வரவில்லை.

அங்கே அதிகாரம் எப்படிக் கைமாறுகிறது என்று தெரிந்தால் நீ அசந்துபோவாய். போதகர் வேண்டுமென்றால் திருவுளச்சீட்டு. ஞானஸ்நானம் பெற்ற ஆணும் பெண்ணும் ஒவ்வொருவராகப் போய், லேசாகத் திறந்திருக்கும் கதவருகே, மனசில் இருக்கும் பெயரைக் கிசுகிசுப்பார்கள். லான்காஸ்டரில் மூன்று பேராவது சொன்ன பெயர்கள் சீட்டுக்குப் போகும். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பாட்டுப் புத்தகம். ஒன்றில் மட்டும் வேதவசனம் எழுதிய துண்டுக் காகிதம். எல்லாப் புத்தகத்துக்கும் ரப்பர் பேண்ட் போட்டு, கலைத்து, மேஜையில் வரிசையாக வைப்பார்கள். பேர் வந்தவர்கள் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு உட்காருவார்கள். பிஷப் ஒவ்வொன்றாக வாங்கிப் பிரித்துப் பார்ப்பார். காகிதம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு அங்கேயே பட்டாபிஷேகம். சம்பளம் இல்லை, படிப்பு இல்லை, ஆயுள் முழுக்க விலக முடியாது. காலையில் தச்சுப்பட்டறைக்காரர், மதியம் போதகர். வாழ்த்துவதற்கு யாரும் வரமாட்டார்கள், பாரம் விழுந்துவிட்டதே என்று மனைவி அழுவாள். இதில் இருக்கும் நாடகம் அந்தப் பொய்க் கும்பலில் எங்கே இருக்கிறது? ஆனால் இதை யாரும் படம் பிடிக்க விடமாட்டார்களே!

கரண்ட், போன் பற்றிக் கேட்டிருந்தாய். அவர்கள் எந்திரத்துக்கு எதிரி என்பது சுத்தப் பொய். எது வீட்டைக் கலைக்கும் என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள், அதுவும் சபைக்குச் சபை மாறும். போன் வீட்டுக்குள் மணியடிக்கக் கூடாது. தெருமுனையில் கொட்டகை மாதிரி ஒரு பெட்டிக்குள் இருக்கும், நாலைந்து குடும்பத்துக்குப் பொது. ஊர் மின்கம்பியில் இணைப்பு கூடாது, ஆனால் டீசல் எஞ்சின் காற்றை அழுத்தித் தொட்டியில் அடைத்து, அந்தக் காற்றால் ரம்பமும் துரப்பணமும் சமையலறை மிக்ஸியும் ஓடும். 1960-களின் கடைசியில் பால் கம்பெனிகள் குளிர்தொட்டி கட்டாயம் என்றபோது என்ன செய்தார்கள் தெரியுமா? குளிரூட்ட டீசல் எஞ்சின், பாலைக் கலக்கும் துடுப்புக்கு 12 வோல்ட் பேட்டரி, ஞாயிற்றுக்கிழமை லாரி வரக்கூடாது. இந்த மூன்றையும் பேசி முடித்தார்கள். இந்தக் கணக்கையெல்லாம் போடுகிறவர்களை, பல்பைப் பார்த்து வாய் பிளக்கும் பட்டிக்காட்டார்களாகக் காட்டினால் எனக்குக் கோபம் வராதா?

வண்டியையும் கவனி. லான்காஸ்டர் ஆமிஷ் வண்டிக்கு மூடி சாம்பல் நிறம். அதே ஊரில் கறுப்பு மூடி வண்டி போனால் அது பழைய ஒழுங்கை விடாத மெனனைட்டுகளுடையது. ஒஹாயோவிலும் இண்டியானாவிலும் ஆமிஷ் வண்டியே கறுப்பு. பென்சில்வேனியாவின் மிஃப்ளின் கவுண்டியில் வெள்ளை மூடிக்காரர்களும் மஞ்சள் மூடிக்காரர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். "ஆமிஷ் வாழ்க்கை" என்று ஒருமையில் பேசும் எந்த நிகழ்ச்சியும் முதல் வாக்கியத்திலேயே சறுக்கிவிடுகிறது.

வசந்தி, எனக்கு நிஜமாகவே வயிறெரிகிற இடம் இதுதான். 2006 அக்டோபர் 2, பென்சில்வேனியாவில் நிக்கல் மைன்ஸ் ஆமிஷ் பள்ளிக்கூடத்தில் வெளியாள் ஒருவன் பத்துப் பெண்குழந்தைகளைச் சுட்டான், ஐந்து பேர் செத்தார்கள். அன்றைக்கே ஆமிஷ்காரர்கள் அவன் குடும்பத்தைத் தேடிப் போய், உங்கள்மேல் எங்களுக்குப் பகை இல்லை என்று சொன்னார்கள். அவனை அடக்கம் செய்த இடத்துக்கும் போய் நின்றார்கள். அந்த மன்னிப்பு பெரியது, அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதே மன்னிப்பு உள்ளே ஒரு சிறுமியின் வாயைக் கட்டவும் கட்டுகிறது. அண்ணனோ மாமாவோ அவளைக் கெடுத்தால், சில சபைகளில் அவன் சபை முன்னால் மண்டியிட்டு ஒப்புக்கொள்வான், சில வாரம் விலக்கு, பிறகு மன்னிப்பு. அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்தால் மன்னிக்காத பாவம் அவள் தலையில். போலீஸுக்குப் போகாமலே முடிந்துவிடும். நிகழ்ச்சிக்காரர்களுக்கு அந்தப் பெண்ணின் கதை தெரியவே தெரியாது. அவள் கதை வரவேண்டிய இடத்தில் ஒரு பச்சை குத்தும் கடை, ஒரு நீச்சலுடைக் காட்சி. இந்தப் பொய்களால் இரண்டு பேருக்கும் அநியாயம்: நிம்மதியாக வாழ்கிறவருக்கும், உள்ளே அடிபட்டுக் கிடக்கிறவளுக்கும். அடுத்த முறை அவள் வாய் திறந்தால், "டிவியில் வருகிற மாதிரிதானே" என்று ஊரே தள்ளிவிடும்.

வெளியேறுகிற பிள்ளைகளின் உண்மையான கஷ்டமும் திரைக்கு வருவதில்லை. படிப்பு எட்டாம் வகுப்போடு சரி; 1972-ல் விஸ்கான்ஸின் எதிர் யோடர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. பலருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே (அரசாங்கம் ஆளுக்கொன்று கொடுக்கும் அடையாள எண்) இருக்காது. அது இல்லாமல் வேலைக்கும் லைசென்ஸுக்கும் அலைய வேண்டும். அந்த எண்ணை வாங்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், அதைத் தேட அம்மாவிடமே திரும்பப் போக வேண்டும். அந்த ஒரு சான்றிதழ்க் காகிதம்தான் இந்தக் கதையின் உச்சக்கட்டம். நியூயார்க் விளக்குகளைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

வாசகர் வட்டத்தில் அரைமணி நேரம்தானே தருவார்கள்? முதல் பத்து நிமிடம் கேமரா முன்னால் யார் வருகிறார், ஏன் வருகிறார் என்பதைச் சொல். மீதிக்குப் பாட்டுப் புத்தகமும் ரப்பர் பேண்டும் போதும். தலைப்பில் 'ரகசிய' என்ற வார்த்தை மட்டும் வேண்டாமடி. அழைப்பிதழ் அச்சுக்குப் போயிருந்தால் பானுவின் அண்ணனிடம் சொல்லி நிறுத்து, வெள்ளிக்கிழமைக்குள் என்றால் அவர் மாற்றிக்கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
சாரதா